இயற்கை ஆணழகன் போட்டிக்கு 6 வாரக் கட்டிங் போதுமா? உப்பு, தண்ணீர் நிறுத்துவது சரியா?

திருப்பூர்_இரும்பு:

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

எனக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிஸ்பாட்ச் பார்க்கிறேன். ஐந்து வருடமாக ஜிம் போகிறேன். உயரம் 170 செ.மீ., எடை 72 கிலோ. மேல்வயிற்றில் கட்டு லேசாகத் தெரியும், இடுப்பைச் சுற்றி இன்னும் கொழுப்பு இருக்கிறது. ஜிம்மில் இருக்கும் மெஷின் கொழுப்பு 12 சதவீதம் என்று காட்டுகிறது. ஊசி, மாத்திரை எதையும் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். அதனால் மாவட்ட அளவில் நடக்கும் ஆணழகன் போட்டிகளை விட்டுவிட்டு, ஊக்கமருந்துப் பரிசோதனை வைக்கும் இயற்கைப் போட்டி ஒன்றில் அடுத்த வருடம் மேடை ஏற ஆசைப்படுகிறேன்.

என் ஜிம் மாஸ்டர் போட்டுக் கொடுத்த திட்டம் இது: போட்டிக்கு 6 வாரம் இருக்கும்போது கட்டிங் (கொழுப்பைக் கரைக்கும் உணவுக் கட்டுப்பாடு) ஆரம்பிக்க வேண்டும். சோறு அடியோடு நிறுத்தம். வேகவைத்த கோழி, வெள்ளைக்கரு, வெள்ளரிக்காய் மட்டும். தூக்கும் வெயிட்டைக் குறைத்து ஒவ்வொரு செட்டும் 20, 25 ரெப் (தடவை) அடிக்க வேண்டும். கடைசி வாரம் உப்பு கிடையாது, கடைசி இரண்டு நாள் தண்ணீரும் கிடையாது. முந்தின நாள் இரவு ஒரு 'தண்ணி மாத்திரை'. அவர் எனக்கு அண்ணன் மாதிரி, தொழில் கற்றுக் கொடுத்தவர். எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. ஆனால் தண்ணீர் விஷயம் பயமாக இருக்கிறது.

வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே சமையல், அம்மாதான் செய்கிறார்கள். தினமும் தனியாகக் கோழி, மீன் என்று செலவழிக்க என் சம்பளம் இடம் கொடுக்காது. எத்தனை வாரம் வேண்டும், என்ன சாப்பிடலாம், கடைசி வாரம் என்ன செய்வது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய_தண்டால், மதுரை:

தம்பி, முதலில் அந்தத் தண்ணி மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அப்புறம்.

அது பெரும்பாலும் ஃப்ரூசெமைடு வகையைச் சேர்ந்த சிறுநீர் பெருக்கி. இதய நோயாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் டாக்டர் எழுதித் தரும் மருந்து. தண்ணீரோடு சேர்த்துப் பொட்டாசியத்தையும் உடம்பிலிருந்து வெளியேற்றிவிடும். பொட்டாசியம் இறங்கினால் தசை பிடித்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். 1992-இல் மொகமது பெனாசிசா என்ற தொழில்முறை வீரர், ஹாலந்தில் நடந்த ஒரு போட்டி முடிந்த கையோடு இறந்துபோனார். உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவைத்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. உலகத்தின் முன்வரிசையில் நின்ற மனிதர் அவர்.

இன்னொன்று, சிறுநீர் பெருக்கிகள் வாடா என்ற உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் எப்போதும் உண்டு. மற்ற மருந்துகளைச் சிறுநீரில் மறைக்க உதவும் என்பதால் போட்டி இல்லாத காலத்திலும் தடைதான். ஊசியே போடாத நீங்கள் அந்த ஒரு மாத்திரையால் ஊக்கமருந்துக் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். மாஸ்டரிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். "டெஸ்ட்ல மாட்டிக்குவேன் மாஸ்டர்" என்று மட்டும் சொல்லுங்கள், அவருக்கே புரியும்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருபது வருடமாக அவர் மேடையில் பார்த்தவர்களுக்கு இந்த 6 வாரக் கணக்கு ஓடியிருக்கும். ஸ்டீராய்டு எடுப்பவன் பட்டினி கிடந்தாலும் தசையை அந்த மருந்து பிடித்து வைத்துக்கொள்ளும். நமக்கு அந்தக் காவல் கிடையாது. வேகமாக எடை இறக்கினால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். ஐந்து வருடம் கஷ்டப்பட்டுக் கட்டியது ஒன்றரை மாதத்தில் கரையும். ஆகவே நம்மிடம் இருக்கும் ஒரே வசதி நாள்தான். அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஜிம் மெஷினை நம்ப வேண்டாம், நீங்கள் சொல்லும் உடம்புக்கு 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். 72 கிலோவில் 11, 12 கிலோ கொழுப்பு, மீதி 60 கிலோ. மேடையில் 5, 6 சதவீதத்தில் நிற்க வேண்டுமானால் உங்கள் எடை 63, 64 கிலோவுக்கு வந்தாக வேண்டும். எட்டு ஒன்பது கிலோ இறக்கம். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை இறக்குவது நல்லது என்று 2014-இல் எரிக் ஹெல்ம்ஸ், ஆலன் அரகான், பீட்டர் ஃபிட்ஷன் மூவரும் இயற்கைப் போட்டியாளர்களுக்காக எழுதிய ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. உங்களுக்கு அது 360 முதல் 720 கிராம். கீழ்ப்பாதியிலேயே நில்லுங்கள், வாரம் 400, 450 கிராம் போதும். அப்படியானால் கிட்டத்தட்ட 20 வாரம். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் ஒவ்வொரு வாரம் எடை குறையாத அளவுக்குச் சாப்பிட்டு இளைப்பாற வேண்டும், வீட்டில் கல்யாணம், காய்ச்சல் என்று ஏதாவது வரும். மொத்தம் 24 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரின் கணக்கில் இதே எடையை இறக்க வாரம் ஒன்றரை கிலோ போக வேண்டும். இயற்கையான உடம்பு அதைத் தாங்காது.

புரதம், அதே கட்டுரையின்படி, கொழுப்பு நீங்கிய எடைக்குக் கிலோவுக்கு 2.3 முதல் 3.1 கிராம். உங்களுக்குக் குறைந்தது 140. நான் 150-ஐத் தாண்டி வைப்பேன், பசி அடங்கும். அதற்கு மூன்று வேளையும் கோழி வேண்டியதில்லை. 250 கிராம் நெஞ்சுக்கறியில் 55 கிராமுக்கு மேல் வரும். இரண்டு முழு முட்டையும் ஆறு வெள்ளைக்கருவும் சேர்ந்தால் 33. மீல்மேக்கர் 50 கிராமில் 26, விலையோ கோழியோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை நன்றாகப் பிழிந்து, மிளகு சீரகம் போட்டுப் பிரட்டினால் நாற்றம் போய்விடும். மேலே கொஞ்சம் தயிர், பருப்பு, முடிந்தால் ஒரு கரண்டி வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி). எண்ணிக்கை வந்துவிடும். கறி வாங்காத நாளில் மீல்மேக்கரையும் முட்டையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சோற்றை நிறுத்தாதீர்கள். கனமாகத் தூக்க அதுதான் வேண்டும். அளந்து சாப்பிடுங்கள், அவ்வளவுதான். அளக்கும் இடத்தில்தான் நம் வீடுகளில் கணக்கு உதைக்கிறது. 100 கிராம் புழுங்கல் அரிசியில் சுமார் 350 கலோரி. அதே அரிசி வெந்தால் தண்ணீர் குடித்து 300 கிராம் பக்கம் வரும், குழைந்தால் இன்னும் கூடும். ஆனால் கலோரி அதே 350தான். ஒரு நாள் குழைவாகவும் ஒரு நாள் உதிரியாகவும் வடிக்கும் வீட்டில், வெந்த சோற்றை எடை போட்டால் தினம் ஒரு கணக்கு வரும். நான் என் பங்கு அரிசியை வேகாமலே தராசில் போட்டு, சின்ன டிபன் பாக்ஸில் தண்ணீர் ஊற்றி, வீட்டுக் குக்கரிலேயே பருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். தனி அடுப்பு வேண்டாம், தனி நேரமும் வேண்டாம். அம்மாவுக்கும் சுமை இல்லை.

எண்ணெய் அடுத்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பொரியலுக்கும் தாளிப்புக்கும் கண்ணளவாக ஊற்றும் எண்ணெயிலேயே நீங்கள் அன்றைக்குக் குறைத்த கலோரி முழுக்கக் காணாமல் போய்விடும். சாம்பாரைத் தாளிப்பதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கீரை இதெல்லாம் கூட்டாக எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், தேங்காய் மட்டும் வேண்டாம். அதற்காகக் கொழுப்பை ஒரேயடியாகத் துடைத்துவிடவும் கூடாது. மொத்தக் கலோரியில் 15, 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஹார்மோன் இன்னும் சீக்கிரம் படுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் 2200 கலோரி போல வைத்து, தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரச் சராசரியை முந்தின வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு நாள் எடை ஏறினால் பதற வேண்டாம், முந்தின நாள் உப்பும் மலச்சிக்கலும்கூட அரைக் கிலோ காட்டும்.

பயிற்சியில் வெயிட்டைக் குறைக்காதீர்கள். எந்தக் கனம் அந்தத் தசையைக் கட்டியதோ அதே கனம்தான் அதைத் தக்கவைக்கும். களைப்பு கூடும்போது செட்டைக் குறையுங்கள், கனத்தைக் கடைசிவரை விடாதீர்கள். 25 ரெப் அடிப்பதால் தசையில் 'கட்' விழாது, அது கொழுப்பு போனால் தானாகத் தெரியும். கார்டியோவுக்கு வேகமான நடை போதும், உங்கள் டிஸ்பாட்ச் வேலையிலேயே பாதி நடந்துவிடுவீர்கள்.

கடைசி வாரத்துக்கு வருகிறேன். தசையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தசைக்குள் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (சோற்றிலிருந்து தசை சேமிக்கும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தண்ணீரையும் உப்பையும் நிறுத்தினால் தோலுக்கடியில் இருப்பது மட்டும் போகாது, தசையும் சப்பிப்போகும், மேடையில் பம்ப்பே (தசைக்கு ரத்தம் பாய்ந்து புடைப்பது) வராது. ஒரு மாதம் முன்பே தயாராக இருப்பவனுக்குக் கடைசி வாரம் வேலையே இல்லை. வழக்கமான தண்ணீர், வழக்கமான உப்பு, இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள். வயிற்றுக்குப் பழக்கமில்லாத எதையும் அந்த வாரம் தொடாதீர்கள்.

மலைக்கோட்டை_அக்கா:

தண்டால் அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பெண்களுக்கான ஃபிகர் பிரிவில் போட்டிக்கு இறங்குகிறவள், தொழில் உணவியல். உடம்புக்குள்ளே என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அமெரிக்காவில் ஓர் இயற்கைப் போட்டியாளரை, போட்டிக்கு முன் 6 மாதம், பின் 6 மாதம் என ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. அவர் கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5-க்கு இறங்கியது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 9.22-லிருந்து 2.27-க்கு (ng/mL) விழுந்தது, நான்கில் ஒரு பங்கு. ஓய்வில் இதயத் துடிப்பு 53-லிருந்து 27. நல்ல முறையில், மெதுவாகத் தயாரான மனிதருக்கே இப்படி. போட்டி முடிந்த ஆறு மாதத்தில் இவையெல்லாம் பெரும்பாலும் திரும்பின. அதனால் தம்பி, கடைசி ஏழெட்டு வாரத்தில் உடம்பு குளிரும், தூக்கம் கலையும், எரிச்சல் வரும், கனவில்கூடப் பிரியாணி வரும். இது மன உறுதிக் குறைவு இல்லை. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி வைத்துப் பார்த்தபோது, அவர்களும் சமையல் குறிப்பாகச் சேகரித்துக்கொண்டு இருந்தார்கள். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் வீட்டில் அந்த வாரங்களில் என்னிடம் முக்கியமான எதையும் முடிவு செய்யக் கேட்கமாட்டார்கள், அது பெரிய உதவி. ஆனால் தலைசுற்றி விழுவது, நெஞ்சு படபடப்பு இதெல்லாம் தாங்கிக்கொள்ளும் வகையில் சேராது. உடனே டாக்டரைப் பாருங்கள். ஆரம்பிக்கும் முன்பே ஒரு ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்து வைத்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்றுபோவதை 'கண்டிஷன் வந்துவிட்டது', அதாவது உடம்பு மேடைக்குத் தயார் என்று சில பயிற்சியாளர்கள் பாராட்டுவார்கள். அதை நம்பாதீர்கள். ஒரு போட்டியாளருக்குப் போட்டி முடிந்து ஒரு வருடத்துக்கும் மேலாகியே அது திரும்பியதாக ஆய்வுப் பதிவு இருக்கிறது. எலும்பு அந்தக் காலம் முழுக்க விலை கொடுக்கும். மூன்று மாதம் வரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும், மேடை அப்புறம்.

போட்டி முடிந்த மறுநாள் பற்றியும் இப்போதே திட்டம் போடுங்கள். அன்றைக்குக் கட்டுப்பாட்டை மொத்தமாக அவிழ்த்துவிட்டால் இரண்டே வாரத்தில் ஏழெட்டு கிலோ ஏறியவர்களை எனக்குத் தெரியும். அன்று இரவு குடும்பத்தோடு உட்கார்ந்து ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்கள். மறுநாள் காலை வழக்கமான உணவுக்கே திரும்பி, சோற்றையும் கொழுப்பையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். 5 சதவீதத்தில் உட்கார்ந்திருக்க முயற்சி பண்ண வேண்டாம், சில கிலோ ஏறத்தான் வேண்டும், ஏறினால்தான் ஹார்மோன் எழும்பும்.

திருப்பூர்_இரும்பு:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. மாஸ்டரிடம் டெஸ்ட் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ மாத்திரை வேண்டாம், 24 வாரமே போவோம், நானும் பார்க்கிறேன்" என்றார். அரிசி டிபன் பாக்ஸ் யோசனை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

இரண்டு சந்தேகம். நண்பன் ஒருவன் 'ஹெர்பல்' என்று பயிற்சிக்கு முன் குடிக்கும் ஒரு ப்ரீ ஒர்க்அவுட் பவுடர் தருகிறான், எடுக்கலாமா? அப்புறம், போஸிங் (தசையை முறுக்கிக் காட்டி நிற்கும் பழக்கம்) எப்போது ஆரம்பிக்க வேண்டும்? மாஸ்டர் கடைசி இரண்டு வாரம் போதும் என்கிறார்.

பழைய_தண்டால், மதுரை:

பவுடரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உடம்புக்குள் எது போனாலும் அதற்கு வீரனே பொறுப்பு என்பதுதான் விதி. நண்பன் கொடுத்தான், லேபிளில் இல்லை என்பதெல்லாம் விசாரணையில் எடுபடாது. வாடா வெளியிட்ட 2019-ஆம் ஆண்டு கணக்கில் இந்தியாவின் ஊக்கமருந்து விதிமீறல்கள் 152, அதில் 57 நம் பாடிபில்டிங்கில். வேறு எந்த விளையாட்டும் பக்கத்தில்கூட வரவில்லை. ஹெர்பல் என்று எழுதியிருப்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஹிஜெனமைன் என்ற பொருள் செடியில் இருப்பதுதான், ஆனாலும் தடை. எடை கூட்டும் பொடி, லேகியம் என்று பெயரில்லாத டப்பாவில் வருவதையும் சேர்த்தே சொல்கிறேன். காபி குடியுங்கள், கஃபீன் தடைப் பட்டியலில் இல்லை. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம் எடுக்கலாம், கடைசி வாரத்திலும் நிறுத்த வேண்டாம். வேயும் கிரியேட்டினும் வாங்கும்போது இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் மாதிரி ஒவ்வொரு பேட்சையும் பரிசோதிக்கும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பில்லையும் டப்பாவையும் போட்டி முடியும்வரை பத்திரமாக வையுங்கள். சளி மாத்திரை, பி.பி. மாத்திரை, இன்ஹேலர் எதுவானாலும் பட்டியலைப் பார்க்காமல் போடாதீர்கள். சில பி.பி. மாத்திரைகளுக்குள் சிறுநீர் பெருக்கி கலந்தே இருக்கும்.

போட்டியின் விதிகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வோர் அமைப்பும் ஒவ்வொரு மாதிரி. டபிள்யூ.என்.பி.எஃப். என்ற உலக இயற்கை பாடிபில்டிங் கூட்டமைப்பு பத்து வருடம் மருந்து தொடாதவராக இருக்க வேண்டும் என்கிறது, பொய் கண்டறியும் சோதனையும் சிறுநீர்ச் சோதனையும் வைக்கிறது. வேறு சிலர் ஜெயித்தவரை மட்டும் சோதிப்பார்கள். எத்தனை பேருக்குச் சோதனை, எந்த ஆய்வகம் என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லாத போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டாதீர்கள்.

போஸிங் இன்றைக்கே ஆரம்பியுங்கள். இதில் மட்டும் நான் கொஞ்சம் கூடுதலாகவே அடம் பிடிப்பேன். ஊசி போட்டவனின் அளவு நம்மிடம் இல்லை. அதனால் இருக்கும் தசை ஒவ்வொன்றையும் நடுவருக்குக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். கட்டாய போஸ்களில் பின்பக்க டபுள் பைசெப்ஸை (முதுகைக் காட்டி இரண்டு கையையும் மடக்கி நிற்பது) எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கையை மடக்கியதும் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நடுவர் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார். ஒரு காலைப் பின்னால் வைத்து, பெருவிரலை அழுத்தி, குதிகாலைத் தூக்கினால் கெண்டைக்கால் பிளந்து தெரியும். அந்த முட்டியைக் கொஞ்சம் மடக்கிக் குதிகாலைப் பின்னுக்கு இழுப்பது போல முறுக்கினால்தான் பின்தொடை வரி விழும். பிட்டத்தை இறுக்கி, மேல்முதுகை நடுவர் பக்கம் லேசாகச் சாய்த்து, முழங்கையைத் தோளை விடக் கொஞ்சம் மேலே ஏற்றி, அப்புறம்தான் கை. இத்தனையையும் முறுக்கிக்கொண்டு முகத்தில் ஒன்றும் தெரியாமல், மூச்சையும் அடக்காமல், அரை நிமிடம் நிற்க வேண்டும். முதல் வாரம் பின்தொடை சுருட்டிப் பிடிக்கும், அது போகப் போகச் சரியாகும்.

'ரிலாக்ஸ்' என்று மேடையில் சொல்லும்போதும் யாரும் தளர்ந்து நிற்பதில்லை. பக்கத்து ஆளை முன்னால் கூப்பிட்டு ஒப்பிடும் நேரத்திலும் உங்கள் மேல் ஒரு நடுவரின் கண் இருக்கும். அந்த நிற்கும் நிலையை மட்டும் தினமும் பத்து நிமிடம் பழகுங்கள். மாதக் கடைசியில் கண்ணாடியை மூடிவிட்டுப் பழகுங்கள், மேடையில் கண்ணாடி இருக்காது. மாஸ்டரைச் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இத்தனை வருடம் மேடையைப் பார்த்தவர் அவர், கோணம் பார்க்க அவரை விட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

மாநிறமாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும் மேடை டேன் (தோலைக் கருமையாக்கும் பூச்சு) பூசித்தான் ஆக வேண்டும், பூசாவிட்டால் அந்த விளக்கு வெளிச்சத்தில் எல்லாத் தசையும் தட்டையாகிவிடும். ஒரு வாரம் முன்பு முழங்கையில் கொஞ்சம் பூசிப் பார்த்து, தடிப்பு வரவில்லை என்று தெரிந்த பிறகு உடம்புக்குப் பூசுங்கள்.

இந்த வாரத்துக்கு இவ்வளவு போதும். ஏழு நாள் காலை எடை, சாப்பிட்ட அரிசி, எண்ணெய் அளவு, பின்பக்கம் எடுத்த ஒரு போட்டோ, இவற்றை இங்கே போடுங்கள். கலோரியை அதை வைத்துத்தான் முடிவு பண்ண முடியும்.